மணவறையில் நான்கு சம்மனசுகள்

சுகுமாறனுக்கு வாய் நீளம். புக்கிட் ரோத்தான் ஊரிலிருந்து பாகான் நக்கோடா ஓமார் வரை கல்யாணம் வைத்த எந்த வீட்டுக்காரரைக் கேட்டாலும் அதைத்தான் முதலில் சொல்வார். மணவறை ஜோடிக்கிறவனுக்கு வாய் எதற்கு என்று கேட்டால் தொழில் தெரியாதவர் என்று அர்த்தம். துணியும் பூவும் விளக்கும் பாதி, வாய்தான் மீதிப் பாதி. அவனுக்குக் கையும் கொஞ்சம் நீளம் என்பது மட்டும் கட்டின பெண்டாட்டிக்கே இரண்டு வருஷமாகத் தெரியாமல் இருந்தது.

"இதுக்குப் பேரு பரோக் ஸ்டைலுங்க" என்று ஆரம்பிப்பான். கைப்பேசியில் படத்தைத் தள்ளித் தள்ளிக் காட்டுவான். "ஐரோப்பாவுல அந்தக் காலத்து அரண்மனை, மாதா கோயில் எதுக்குள்ள போயி அண்ணாந்து பார்த்தாலும் இந்தப் புள்ளைங்கதான். குண்டுக் கன்னம், சுருட்டை முடி, கழுத்துக்குக் கீழ ரெண்டு இறக்கை. உடம்பு இருக்காது. ஏன் சொல்லுங்க? அன்புக்கு உடம்பு கெடையாதுங்க! இத மணவறை மேல வெச்சா புள்ளப் பாக்கியம் வாசலத் தேடி வரும். நடுவுல இந்த ரெண்டு புறா இருக்கு பாருங்க, மாப்பிள்ளையும் பொண்ணும். மூக்கோட மூக்கு வெச்சுக் கொஞ்சுதுங்க."

இதில் கால்வாசி யூடியூப்பில் பார்த்தது. முக்கால்வாசி அவன் வாயிலேயே விளைந்தது. ஆனால் பெண்ணைப் பெற்றவர்கள் புள்ளப் பாக்கியம் என்ற வார்த்தையில் விழுந்துவிடுவார்கள். பிறகு மற்ற ஜோடனைக்காரன் எவனும் கிட்டே வர முடியாது.

முருகையா மகள் துளசியின் கல்யாணமும் அப்படி வந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை காலை, தாமான் குடியிருப்பு மண்டபத்தில். மணவறையின் நாலு தூண் உச்சியிலும் தங்கநிறத்தில் நாலு குழந்தைத் தலைகள், நடுவில் புறா ஜோடி. சுகுமாறனுக்கு ஒரு பழக்கம். எல்லாம் கட்டி முடித்த பிறகு, பெரிய காற்றாடி ஓரமாக நின்றுகொண்டு யார் என்ன சொல்கிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பான். பாராட்டு கேட்காவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

அன்றைக்கு நாலாவது வரிசையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். சந்தன நிறத்தில் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை. பெண்ணை அழைத்து வந்தபோதுகூட அவர் பெண்ணைப் பார்க்கவில்லை. மணவறைக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். சுகுமாறனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மடையன், நேராகப் போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"புடிச்சிருக்காம்மா? நம்ம வேலைதான். பரோக் ஸ்டைல்."

அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டு முழுப்பாட்டையும் பாடினான். அரண்மனை, மாதா கோயில், அன்புக்கு உடம்பு கிடையாது, புள்ளப் பாக்கியம், கொஞ்சும் புறா என்று ஒன்றுவிடாமல் சொன்னான். அவர் கடைசி வரை கேட்டார். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னாளில் சுகுமாறனுக்கு நெஞ்சைக் கிள்ளியது அதுதான். பாதியிலேயே கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

"இதெல்லாம் எங்க கெடச்சது தம்பி?"

"கிள்ளான்லம்மா. ஒரு கடையில. இத்தாலி சாமான்."

"அந்த வலப்பக்கத்துப் புறாவும் இத்தாலிதானா?"

"ஆமாம்மா. ஜோடியா வாங்கினது."

"ஜோடி இல்ல தம்பி. இடப்பக்கத்துது போம் அட்டையில செஞ்சது, கண்ணுலயே தெரியுது. வலப்பக்கத்துது சிமெண்டு. அது நிக்கிற புறா இல்ல. தலை கீழ வெச்சு வானத்துலேருந்து இறங்கி வர்ற புறா. அதப் படுக்கப் போட்டுக் கட்டியிருக்கீங்க. வால் பக்கம் மூணு கோடு இருக்கும், வெளிச்சம் வர்ற மாதிரி. அதுதான் பரிசுத்த ஆவி. கொஞ்சறதுக்கு வர்ற புறா இல்ல."

அந்த மூன்று கோட்டின் மேல்தான் சுகுமாறன் பிளாஸ்டிக் ரோஜாவைச் சொருகியிருந்தான்.

"என் பேரு வெரோனிக்கா" என்றார் அந்த அம்மா, குரலைத் தாழ்த்திக்கொண்டு. "ஆத்தோரத் தோட்டத்துப் பாலர் பள்ளியில டீச்சரா இருந்தேன். துளசி என்கிட்டப் படிச்ச புள்ள. அந்த நாலு தலையும் அந்தத் தோட்டத்துக் கல்லறையில இருந்தது தம்பி. அதுல ஒண்ணு என் மக."

அந்த நேரம் பார்த்து கெட்டிமேளம் கொட்டினார்கள். மண்டபமே எழுந்து நின்றது. இந்த அம்மா இப்போது வாயைத் திறந்தால் போதும். கல்லறைச் சாமானுக்குக் கீழே உட்கார்ந்து பெண்ணுக்குத் தாலி கட்டுகிறார்கள் என்று ஒரே ஒரு வார்த்தை போதும். முருகையா வெட்டியே போட்டுவிடுவார். ஆனால் டீச்சர் கையிலிருந்த அட்சதையை மணமக்கள் மேல் தூவினார். நல்லா இருக்கணும் என்று வாய்க்குள் சொன்னார். பிறகு அவன் பக்கம் திரும்பினார்.

"புள்ளைக்கு நல்ல நாள். நம்ம பேச்ச இங்க யாரும் கேட்க வேணாம்."

"இல்ல டீச்சர், இது வேற. ஒரே மாதிரி நெறைய இருக்கும்லா" என்று உளறினான் சுகுமாறன்.

"இருக்கும்" என்றார் அவர். பையிலிருந்து பேனா எடுத்து, கைதுடைக்கும் காகிதத்தில் தொலைபேசி எண்ணை எழுதி அவன் மடியில் வைத்தார். "ஞாபகம் வந்தா கூப்புடுங்க."

சாப்பிடாமலே போய்விட்டார்.

ஞாபகம் வருவதற்கு என்ன இருக்கிறது, மறந்தால்தானே! இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆத்தோரத் தோட்டத்தை, அந்த எஸ்டேட் முழுவதையும், வீடு கட்ட விற்றுவிட்டார்கள். பெரியவர்கள் கல்லறைகளை முறைப்படி தோண்டி டவுன் பக்கம் மாற்றினார்கள். பிள்ளைகள் மூலையில் தோண்டினால் எடுக்க ஒன்றுமில்லை, மண்தான் இருந்தது. மண்வாரி இயந்திரம் அதை அப்படியே வழித்துக்கொண்டிருந்தது. சுகுமாறன் அன்றைக்கு லோரியில் அந்தப் பக்கமாக வந்தான். மண்மேட்டு ஓரத்தில் நாலு தலையும் ஒரு புறாவும் குப்பையாகக் கிடந்தன. பாசி பிடித்திருந்தாலும் கன்னமும் இறக்கையும் அச்சு அசலாகக் கைப்பேசிப் படத்தில் இருந்த மாதிரியே இருந்தன. இயந்திரக்காரனைக் கேட்டான். அவன், வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போ என்று கையைக் காட்டினான். சுகுமாறன் சுற்றிலும் பார்த்தான். இன்னும் வழிக்காத இடத்தில் சின்னச் சின்ன மேடுகள் இருந்தன, ஒவ்வொன்றும் ஒரு முழம் ஒன்றரை முழம்தான். அது என்ன இடம் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் எடுத்தான். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட அவனுக்கு வழியில்லை.

பெண்டாட்டி கண்மணியிடமும் கிள்ளான் கடை என்றுதான் சொல்லி வைத்திருந்தான். அவள்தான் பூ கட்டுகிறவள், துணி மடிக்கிறவள். எல்லாவற்றையும் கழற்றி லோரியில் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது கேட்டாள்.

"ஏங்க, அந்த டீச்சரம்மா எதுக்கு சாப்புடாமப் போனாங்க?"

"எனக்கென்ன தெரியும்?"

"கண்ணு செவந்திருந்துச்சு. உங்ககிட்டதான பேசிக்கிட்டு இருந்தாங்க. என்ன சொன்னீங்க?"

முதல் சிக்னல் வரை மழுப்பினான். இரண்டாவது சிக்னலில் சொல்லிவிட்டான். கண்மணி பின்பக்கக் கண்ணாடி வழியாகப் போர்வையில் சுற்றி வைத்த தலைகளைப் பார்த்தாள்.

"சவக்குழிச் சாமானையா? தாலி கட்டுற எடத்துலயா? அடப்பாவி மனுஷா! எத்தன கல்யாணம்? எத்தன பொண்ணுங்க? நான் என் கையால பூ சுத்தினேனே அதுங்களுக்கு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் அவள் குரல் மாறிவிட்டது. "அந்தம்மாகிட்டயே போய்ப் புள்ளப் பாக்கியம்னு சொன்னீங்களா?"

அவன் கியரை மாற்றினான்.

"சொன்னீங்களா இல்லியா?"

"சொன்னேன்."

"வாய் கூசல?"

அப்போது கூசவில்லை. இப்போது உடம்பெல்லாம் கூசியது. பாதையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான். வீடு வரும்வரை கண்மணி அவன் பக்கமே திரும்பவில்லை. இறங்கும்போது மட்டும் சொன்னாள். "கூப்புட்டுச் சொல்லுங்க. உள்ளத உள்ளபடி சொல்லணும். ஒரு எழுத்து மாத்தக் கூடாது. மாத்துனீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

மூன்று நாள் எண்ணை அழுத்துவதும் நிறுத்துவதுமாக இருந்தான். புதன்கிழமை மத்தியானம் கூப்பிட்டான். "அதுங்கதான் டீச்சர்" என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் வாயில் எதுவும் வரவில்லை. கல்யாணத்துக்குக் கல்யாணம் பேசித் தீர்த்த வாய் அது! டீச்சர் திட்டவில்லை. விலாசம் மட்டும் கேட்டார். மறுநாள் நாலு மணிக்கு வருகிறேன் என்றார்.

மறுநாள் காலையிலிருந்து பட்டறையில் உட்கார்ந்து தின்னர் விட்டுத் தங்கச் சாயத்தைத் துடைத்தான். பிளாஸ்டிக் ரோஜாக்களைப் பிடுங்கினான். போம் புறாவை உடைத்துக் குப்பையில் போட்டான். சிமெண்டு சாம்பல் நிறத்தில் வெளியே வர வர, நாலு தலையையும் மேசைமேல் வரிசையாக வைத்தான். அப்போதுதான் அந்த விஷயம் அவன் மண்டையில் ஏறியது. நாலும் ஒரே அச்சு. அதே கன்னம், அதே சுருட்டை, அதே இறக்கை. செய்தவர்கள் வைத்த வித்தியாசம் ஒரே இடத்தில்தான். தாடைக்குக் கீழே ஒரு சின்னப் பட்டையில், சிமெண்டு ஈரமாக இருக்கும்போதே ஆணியால் எழுத்துப் போட்டிருந்தார்கள். அந்தப் பட்டையை அவன் கிரைண்டர் போட்டு மழமழவென்று தேய்த்துவிட்டிருந்தான். சாயம் ஒழுங்காகப் பிடிக்க வேண்டுமே!

விரலால் தடவிப் பார்த்தான். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தான். ஒன்றும் தட்டுப்படவில்லை. தேய்ப்பதற்கு முன்னால் படித்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு விநாடி ஆகியிருக்கும். முதல் தலையில் பெரிதாக இருந்த ஒரு வார்த்தை மட்டும் கண்ணில் பட்டிருந்தது, 'சம்மனசு' என்று. கீழே பொடிப் பொடியாக ஏதோ இருந்தது, அதைப் படிக்கவில்லை. இதென்ன பேர், கேட்டதே இல்லையே என்று நினைத்தது ஞாபகம் இருந்தது. அந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டீச்சர் மகளின் பேர் அதுவாக இருந்துவிட்டால், மேசையின் ஓரத்தில், முதன்முதலாகத் தேய்த்தபோது கிரைண்டர் வழுக்கி இறக்கையில் கீறல் விழுந்திருந்ததுதான் அது. அவனால் உறுதியாகச் சொல்ல முடியும்.

டீச்சர் சொன்ன நேரத்துக்கு வந்தார். பழைய கஞ்சில் காரிலிருந்து வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கினார். கண்மணி ஓடிப்போய்க் கையைப் பிடித்து, "மன்னிச்சிருங்க டீச்சர்" என்று அழுதாள். டீச்சர் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டு மேசையிடம் போனார். தொடவில்லை, நின்று பார்த்தார்.

"டீச்சர்" என்றான் சுகுமாறன். "உங்க மக பேரு சம்மனசுங்களா?"

அவர் திரும்பி அவனைப் பார்த்தார். கோபப்படவில்லை. மூன்று வயதுப் பிள்ளை ஏதோ கேட்டுவிட்ட மாதிரி பதில் சொன்னார்.

"சம்மனசுன்னா பேரு இல்ல தம்பி. தேவதூதன்னு சொல்வாங்கள்ல, அதுதான். எங்கள்ல புள்ள ஞானஸ்நானம் வாங்கிச் செத்துட்டா, செத்துட்டான்னு சொல்ல மாட்டோம், சம்மனசாயிட்டான்னுதான் சொல்வோம். நாலு பேருக்கும் மேல்வரியில அதுதான் எழுதியிருந்துச்சு. பேரும் வருஷமும் கீழ இருக்கும்."

சுகுமாறன் அந்த நிமிஷமே மேசைக்கு அடியில் புகுந்துவிடலாம் என்று நினைத்தான்.

"பதினோரு நாள் இருந்தா" என்றார் டீச்சர். "தொண்ணூத்தொண்ணுல. ஃபாதர் ஓடி வந்து தண்ணி ஊத்தி ரெஜினான்னு பேர் வெச்சாரு. போட்டோ கூட எடுக்கல, தோட்டத்துல யாரு போட்டோ எடுக்கிறது? எனக்கு அவ மொகம் மறந்து போச்சு தம்பி. பெத்தவ சொல்லக் கூடாது, ஆனா மறந்து போச்சு. இந்த மொகம்தான் அவ மொகம்னு வெச்சுக்கிட்டேன். ஒவ்வொரு கல்லறைத் திருநாளைக்கும் போயி மொகத்தத் தொடச்சு மெழுகுவத்தி ஏத்துவேன். நீங்க அன்பு அது இதுன்னு சொன்னீங்கல்ல, உடம்பு இல்லாததுக்கு எங்க ஃபாதர் வேற காரணம் சொல்வாரு. அதுங்களுக்குப் பசி இல்ல, நோவு இல்ல. ஆண்டவர் மொகத்தப் பார்த்துக்கிட்டே பறக்கிறது ஒண்ணுதான் வேல. அதுக்கு மொகமும் இறக்கையும் போதும்னு சொல்வாரு. மேல இருந்த புறா நாலு பேருக்கும் பொதுவு. தண்ணி ஊத்தும்போது இறங்கி வந்துச்சாம்."

கண்மணி விசும்பினாள். டீச்சர் துண்டை விரித்து இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டார்.

"வரிசையில மூணாவது நம்ம புள்ள. அந்த வரிசையே போயிடுச்சே, நான் எப்படிக் கண்டுபுடிக்கிறது? எழுத்தும் தேஞ்சிருக்கு. நீங்கதான் சொல்லணும் தம்பி. எது ரெஜினா?"

சுகுமாறன் கண்மணியைப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொல்லுங்க என்று தலையை அசைத்தாள். வாக்கியம் அவனிடம் தயாராக இருந்தது. எனக்குத் தெரியாது டீச்சர், நான் படிக்கவே இல்ல. அவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிடலாம்.

"தெரியும்ல?" என்றார் டீச்சர். "மெஷின் போட்டுத் தேய்க்கிறப்ப எழுத்தப் பார்த்திருப்பீங்கள்ல. கைவேலை செய்யிறவங்க, ஒரு புள்ளையோட பேரப் படிக்காமலா தேய்ப்பீங்க?"

அந்த ஒரு கேள்வியில் அவன் நொறுங்கிப்போனான். திருடியதைச் சொல்லலாம். பொய் சொன்னதைச் சொல்லலாம். படிக்கக்கூட இல்லை என்பதை இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? சொன்னால் இந்த அம்மா வெறுந்துண்டோடு திரும்பிப் போக வேண்டும். அவருக்காகத்தான் சொல்லவில்லை என்று பிற்பாடு தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டான். அது பாதிதான் நிஜம் என்று அவனுக்கே தெரியும். தன் மானத்துக்குப் பயந்ததுதான் மீதி.

"பார்த்தேன் டீச்சர்" என்றான். கை தானாக நீண்டது. இடமிருந்து இரண்டாவதைத் தொட்டது. "இதுதான். ரெஜினான்னு இருந்துச்சு."

"வருஷம்?"

"தொண்ணூத்தொண்ணு."

டீச்சருக்கு முகமே மாறிவிட்டது. குனிந்து அந்தத் தலையைத் தூக்கினார். கனம் தாங்காமல் தடுமாறினார். சுகுமாறன் பிடிக்கப் போனான், வேண்டாம் என்றார். மார்போடு அணைத்துக்கொண்டு நெற்றியில் முத்தமிட்டார். சிமெண்டுத் தூள் அவர் உதட்டில் ஒட்டிக்கொண்டது.

"நான் வந்தவுடனேயே நெனச்சேன்" என்றார் சிரித்துக்கொண்டே, கண்ணீரோடு. "இந்தக் கன்னத்தப் பாருங்க. மத்ததுங்களவிட இதுதான் கொஞ்சம் உப்பலா இருக்கு. இவதான். எனக்குத் தெரியாதா?"

கண்மணிக்குப் புரிந்துவிட்டது. காலையில் அவன் எழுத்தைத் தேடித் தேடித் தடவிக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருந்தாள். அவள் அழுகை நின்றுபோயிற்று. அவனைப் பார்த்த பார்வையில் ஏச்சுகூட இல்லை. அப்படி ஒரு பார்வையை இருபது வருஷத்தில் அவளிடம் அவன் கண்டதில்லை.

டீச்சர் தலையைத் துண்டில் சுற்றி, இறக்கைகளை உள்ளே மடக்குகிற மாதிரி துண்டின் முனைகளை இழுத்துச் சொருகி, இடுப்பில் வைத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் நின்றார்.

"உங்கமேல எனக்குக் கோவம் இருந்துச்சு தம்பி. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா பேர ஞாபகம் வெச்சிருந்தீங்களே, அது போதும். நல்லா இருங்க."

"டீச்சர்..." என்றான். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"பரவால்ல, அழாதீங்க. ஒரே ஒரு ஒத்தாசை பண்ணணும். மத்த மூணு வீட்டுக்காரங்களையும் எனக்குத் தெரியும். சூசைமுத்தும் அவரு சம்சாரமும் பாகான்ல இருக்காங்க. டொரீன் கலும்பாங்ல. ஃபிரான்சிஸ் அண்ணன் தனியா இருக்காரு, காது கேட்காது, ஆனா மகன் பேரச் சொன்னா கேட்கும். ரெண்டு வருஷமா எங்க போச்சோன்னு தவிக்கிறாங்க. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கூட்டிட்டு வர்றேன். எனக்குக் காட்டின மாதிரியே ஒவ்வொருத்தருக்கும் எது அவங்க புள்ளன்னு பேரச் சொல்லிக் காட்டிடுங்க."

மேசையில் மூன்று தலைகள் இருந்தன. கண்மணி உள்ளே போய்விட்டாள்.

"பேரெல்லாம் ஞாபகம் இருக்குல்ல தம்பி?"

"இருக்கு டீச்சர்" என்றான் சுகுமாறன்.